மாப்பிள்ளை பார்த்த லேப்டாப்

அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். இருவருக்கும் வாய் இருந்தது, காது இருந்தது, ஒரே கூடத்தில் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்தும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு மற்றவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சமையலறையிலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். "மாமாவுக்கு ஃபேன் வேணுமான்னு கேளு" என்பார் அவள் கணவர். மாமா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். "வேண்டாம்னு சொல்லும்மா மாப்பிள்ளைகிட்ட" என்பார் அவள் அப்பா. மாப்பிள்ளையும் நாற்காலியை விட்டு எங்கும் போயிருக்க மாட்டார். கேட்டால் மரியாதை என்பார்கள். மரியாதை அவர்களுக்கு, கால் வலி அவளுக்கு.

சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் பூசி மெழுகித்தான் சேர்ப்பாள். "உங்கப்பா குளியலறை லைட்டை அணைக்கவே மாட்டாரா?" என்று கணவர் எரிந்து விழுந்தால், அப்பாவிடம் போகும்போது அது "அந்த சுவிட்ச் மக்கர் பண்ணுதுப்பா, கொஞ்சம் நல்லா அழுத்துங்க" என்று ஆகிவிடும். "மோட்டார் சத்தம் மண்டையைப் பிளக்குது, வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விடக்கூடாதா" என்று அப்பா முணுமுணுத்தால், கணவரிடம் அது "மோட்டாருக்கு எண்ணெய் விடலாமான்னு அப்பா கேக்கறார்" என்று போய்ச் சேரும். இதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வலிக்காது என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் உத்தியோகம்.

அம்மா போன பிறகு அப்பா தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தார். வரும்போது இரண்டு பெட்டி துணியும், ஒரு கணினியும், காலால் மிதிக்கும் ஒரு கறுப்புப் பெடலும் கொண்டுவந்தார். தையல் மெஷினுக்கு இருப்பது போன்ற பெடல்தான், ஆனால் இது ஒலிப்பதிவுக்கானது. இன்சூரன்ஸ் வழக்குகளின் விசாரணைகளைப் பதிவு செய்து ஓர் ஆபீஸ் அவருக்கு அனுப்பும். அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கேட்பதை வரிக்கு வரி டைப் செய்து திருப்பி அனுப்புவார். பெடலை முன்னங்காலால் மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் இரண்டு வார்த்தை பின்னால் போகும். கை விசைப்பலகையை விட்டு நகரவே வேண்டாம். அவர் வேகத்துக்கு அந்த ஆபீசில் ஆள் கிடையாது என்று சொல்வார்கள்.

அந்த வேலைதான் அவருக்கு அந்த வீட்டில் முதுகெலும்பு. காலைப் பேப்பர், ஷேவிங் பிளேடு, செல்போன் செலவு, முட்டிக்குத் தைலம் எல்லாம் அவர் கைக்காசு. சம்பளம் வந்த அன்று கை நிறையப் பழம் வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய் உட்காருவார். அது இருக்கும்வரை அவர் மகள் வீட்டில் விருந்தாளியும் இல்லை, சுமையும் இல்லை. அது போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மட்டும் அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

ஒரு காலையில் அந்தப் பழைய கணினி கண் திறக்க மறுத்தது. உள்ளே காற்றாடி மட்டும் உறுமியது, திரை இருட்டாகவே கிடந்தது. அப்பா ஆபீசுக்கு ஃபோன் செய்து சில நாள் தவணை கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நேரே போய் ஒன்றை வாங்கி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மாமாவை எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு" என்றார் கணவர், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்துக்கொண்டே. "கண்டதைத் தலையில கட்டி அனுப்பிடுவான். நான் பாத்து வாங்கித் தர்றேன். என் செலவு."

அப்பா செருப்பைக் கழற்றினார். சொந்தக் காசில் வாங்கியிருந்தால் குறை சொல்லும் உரிமையாவது மிஞ்சியிருக்கும். அன்றைக்கு அதுவும் போயிற்று.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய கம்பெனியில் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் கட்டி வளர்த்த சர்வர்களையெல்லாம் வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, அவரைவிடச் சின்னவன் ஒருவனை மேலே உட்கார வைத்து, இவரைக் கடவுச்சொல் மறந்தவர்களுக்குப் புதிது போட்டுத்தரும் வேலையில் தள்ளியிருந்தார்கள். கூட்டங்களில் இவர் வாய் திறந்தால் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். அதனால் மனிதர், விண்டோஸுக்குப் பதிலாக யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போலவே பத்துப் பேர் கூடுவார்கள். அங்கே அவர் சிங்கம்.

மாமனாருக்கு லினக்ஸ் ஓடும் லேப்டாப் வாங்குவது என்று முடிவானதும் மனிதரைப் பார்க்க வேண்டுமே! சாப்பிடும்போதும் ஃபோனில் அதே தேடல்தான். எந்த மாடலில் எந்த வைஃபை சிப், எது லினக்ஸோடு ஒத்துப்போகும், எது முரண்டு பிடிக்கும், எதை மூடி வைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்று வரன் பார்ப்பதுபோல் அலசினார். "இது பாக்க லட்சணமாத்தான் இருக்கு, ஆனா சிப் சரியான குடும்பம் இல்ல" என்பார். அவள் சிரித்துவிட்டாள். கணவர் சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா அவளைப் பின்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடும்மா. ஆபீஸ் புரோகிராம் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். அதுலதான் அவங்க அனுப்புற பதிவு திறக்கும். எல்லாம் பூட்டி அனுப்புறாங்க. மத்தபடி அவர் இஷ்டம்."

"சரிப்பா, சொல்லிடறேன்."

போனாள். கணவர் திரையில் மூழ்கியிருந்தார். "என்னங்க, அப்பா வேலைக்கு விண்டோஸ்…" என்று ஆரம்பித்தாள். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டதுபோல் ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் நாக்கு பழகிய வழியில் திரும்பிக்கொண்டது. "…இல்லாம முடியுமான்னு கேக்கறார்" என்று முடித்தாள்.

"ஏன் முடியாது?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாமாவுக்கே ஆர்வம் வந்துடுச்சா! பாத்துக்கறேன்னு சொல்லு."

அவள் பின்கட்டுக்குத் திரும்பிப் போய், "பாத்துக்கறேன்னாருப்பா" என்றாள். அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். அவளுக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் குக்கர் விசில் அடித்துவிட்டது. அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனார்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளைத் துடைத்து விற்கும் மாடிக்கடை. உள்ளே ரப்பர் சூடான வாசனை, சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள். அப்பா ஓர் அகலமான லேப்டாப்பின் முன்னால் நின்றுவிட்டார். பெரிய திரை, வலது பக்கம் எண்களுக்கென்று தனிக் கட்டைகள். இன்சூரன்ஸ் விசாரணை என்றால் மூச்சுக்கு மூச்சு பாலிசி எண்ணும் தேதியும் வண்டி நம்பரும்தான். அவர் விரல்கள் தாமாகவே அந்தக் கட்டைகளின் மேல் இறங்கித் தடதடவென்று ஒரு நம்பரை அடித்தன. முகத்தில் சின்ன வெளிச்சம்.

கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "சார், இது சூப்பர் மெஷின். விண்டோஸ் போட்டே இருக்கு. இன்னிக்கே வீட்டுக்குப் போய் வேலையை ஆரம்பிச்சிடலாம்."

மாப்பிள்ளை பையிலிருந்து லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை எடுத்துச் செருகினார். லினக்ஸ் எழுந்தது, வைஃபை எழவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "இது வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லு. சிப் சரியில்ல" என்றார். மாமாவின் விரல்கள் இன்னும் அந்தக் கட்டைகள் மேலேயேதான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

"விண்டோஸ்ல எல்லாம் ஓடுது சார்" என்று கடைக்காரர் இழுத்தார். மாப்பிள்ளை பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

கடைசியில் மாப்பிள்ளைக்குப் பிடித்தது ஒரு குட்டைக் கறுப்பு மெஷின். பென்டிரைவைச் செருகியதும் வைஃபை, சத்தம், கேமரா, திரை வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் கைகட்டி வந்து நின்றன. அதைப் பார்த்து மாப்பிள்ளைக்குக் கண் பனித்தே விட்டது. "சொன்ன பேச்சு கேக்குது பாத்தியா?" என்றார். எண்களுக்குத் தனிக் கட்டை அதில் கிடையாது. திரை ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றே பெரிது.

"பிடிச்சிருக்கான்னு கேளு" என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "மாப்பிள்ளை பாத்தா சரியாத்தான் இருக்கும்மா" என்றார். மாடிப்படி இறங்கும்போது ஒருமுறை திரும்பி அந்த அகலமான மெஷினைப் பார்த்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் வாயை மூடிக்கொண்டுதான் இறங்கினாள்.

அன்று மாலையே அதிலிருந்த விண்டோஸைத் துடைத்தெறிந்தார் மாப்பிள்ளை. உற்சாக மிகுதியில் தூதுவரையும் மறந்து மாமனாரிடம் நேராகவே பேசினார். "விண்டோஸ்ங்கிறது வாடகை வீடு மாதிரி மாமா. ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும். லினக்ஸ் சொந்த வீடு. சுவரை இடிக்கலாம், கட்டலாம், யாரும் ஏன்னு கேக்க முடியாது. இனிமே நீங்க யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்."

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், மாப்பிள்ளை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாமா, சொந்த வீடுன்னா சும்மாவா" என்றார்.

பிறகு ஆபீஸ் புரோகிராமைப் பற்றிப் பேச்சு வந்தது. விண்டோஸ் புரோகிராமை இது விண்டோஸ்தான் என்று நம்பவைத்து லினக்ஸில் ஓட்டும் உபாயம் ஒன்று இருக்கிறதாம். மாப்பிள்ளை அதைக் கொண்டு ஓட்டிக் காட்டினார். பதிவு திறந்தது, பேச்சும் கேட்டது. ஆனால் பெடலை மிதித்தால் அந்தப் புரோகிராம் அசையவில்லை. உடனே இன்னொரு புரோகிராமைத் திறந்து ஒரு பாட்டை ஓடவிட்டார். அதில் பெடல் அற்புதமாக வேலை செய்தது. முன்னங்காலுக்கு ஓடியது, குதிகாலுக்குப் பின்வாங்கியது. ஆனால் ஆபீஸ் அனுப்பும் பூட்டிய பதிவுகள் அதில் திறக்காது. காது வேலை செய்யும் இடத்தில் கால் இல்லை, கால் வேலை செய்யும் இடத்தில் காது இல்லை.

"ரெண்டும் தனித்தனியா ஓடுதுல்ல? சேர்த்து வைக்கிறதுதான் பாக்கி. வர்ற வாரம் சின்னதா ஒண்ணு எழுதிப் போட்டுடறேன். எப்படி மாமா இருக்கு?"

"பிரமாதம் மாப்பிள்ளை" என்றார் அப்பா.

வர்ற வாரம் வரவே இல்லை. அதாவது, ஞாயிறுதோறும் மாப்பிள்ளை அந்த மெஷினின் முன்னால் உட்காரத்தான் செய்தார். ஒரு வாரம் எழுத்துருவை மாற்றினார், ஒரு வாரம் கீழே இருந்த பட்டியை மேலே ஏற்றினார், ஒரு வாரம் முழுசாகவே வேறு லினக்ஸைப் போட்டார். திங்கட்கிழமை காலையில் அப்பா எது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பார். பெடலைப் பற்றி யாரும் நினைவுபடுத்தவில்லை. அப்பா வாய் திறக்கவில்லை. அவளும்தான்.

அப்பா மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார். சாப்பிட்ட கையோடு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். நாலு வார்த்தை கேட்டு மவுஸால் நிறுத்தி, டைப் செய்து, மவுஸால் பின்னால் தள்ளி, மறுபடி கேட்டு. வலது மணிக்கட்டு வீங்கியது. முட்டிக்கு வாங்கிய தைலத்தை மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா கை?"

"வயசாகுதுல்ல."

"வேலையெல்லாம் சரியா ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. மாப்பிள்ளைகிட்ட ஏதாவது சொல்லி வச்சிடாதே. பாவம், எவ்வளவு மெனக்கெட்டு வாங்கிக் கொடுத்தார்."

அவள் போய்க் கணவரிடம், "அப்பாவுக்கு மெஷின் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். யாரும் கேட்காமலேயே போய்ச் சொன்னாள். பூசி மெழுகுவதில் அவளுக்கு அவ்வளவு கை தேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை குளிர்ந்துபோய், ஹெட்ஃபோனும் கையுமாக இருந்த மாமனாரைப் படம் எடுத்துத் தன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பினார். இந்த வயதிலும் லினக்ஸுக்கு மாறிய என் மாமனார் என்று கீழே எழுதினார். கைதட்டல் குவிந்தது. அதை அப்பாவிடம் காட்டச் சொல்லி ஃபோனை அவளிடம் நீட்டினார். அவள் காட்டினாள். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க" என்றார்.

அப்புறம் மேஜையில் பழம் வருவது நின்றது. சீசன் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எந்தப் பழத்தின் சீசன் என்று தன்னையே கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

ஒரு நாள் மருத்துவமனையில், கன்னம் வீங்கிய ஒருவரிடம் வலிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. அப்பாவின் ஆபீசில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அம்மாள்.

"அப்பா எங்க ஃபோனை எடுக்க மாட்டேங்கறார், அதான் உங்களுக்குப் பண்றேன். அந்தப் பெடல் ஆபீசோடதும்மா. வேலை நின்னு இத்தனை நாளாச்சு, இன்னும் திருப்பித் தரலை. புதுசா வந்த ஆளுக்கு வேணும்."

"வேலை நின்னுடுச்சா? தினமும் டைப் பண்றாரே!"

"நாங்க எதுவும் அனுப்பலையே." அந்தம்மாள் குரல் தணிந்தது. "எனக்கே வருத்தம்தான். அவரை மாதிரி ஆள் கிடையாது. ஆனா கடைசியில வந்ததெல்லாம் தாமதம், நம்பரெல்லாம் தப்பு. கேட்டா புது மெஷின், பழகிட்டிருக்கேன்னார். எல்லாரும் வச்சிருக்கிற விண்டோஸ் மெஷினையே வச்சுக்கோங்களேன்னு சொன்னேன். அது முடியாதும்மா, வீட்டுல சங்கடமாயிடும்னார். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? மேல இருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஆளும் போட்டாச்சு."

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்ததும் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா அவளுக்கு முதுகு காட்டி, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். கால் பெடலின் மேல். முன்னங்கால் மிதித்தது, நின்றது, குதிகால் அழுத்தியது, மறுபடி மிதித்தது. ஹெட்ஃபோனின் ஒயர் எதிலும் செருகப்படாமல் அவர் மடியில் கிடந்தது. அவள் பின்னால் போய் நின்று திரையைப் படித்தாள்.

கேள்வி: வண்டியை ஓட்டியது யார்? பதில்: நான்தான் ஓட்டினேன். கேள்வி: விளக்கு எரிந்ததா? பதில்: நினைவில்லை.

எப்போதோ கேட்ட விசாரணைகளை நினைவிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக அடித்திருந்தார். "அப்பா" என்று தோளைத் தொட்டதும் அவர் திடுக்கிட்டு, ஒயரைச் சட்டென்று கையால் மறைத்தார்.

"கை மறந்துடக் கூடாதுல்ல, அதான்" என்றார்.

"ஆபீஸ்ல இருந்து பேசினாங்கப்பா."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கவனமாக மேஜையில் வைத்தார். "மாப்பிள்ளை வர்ற நேரத்துல சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? அவர் உழைச்சிட்டு வர்றார். அதுக்குத்தான். மெதுவா நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்னத்தைச் சொல்லுவீங்க? எப்போ சொல்லுவீங்க?" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. மத்தியான வேலைக்கு அவள் திரும்பிப் போகவில்லை.

மாலையில் கணவர் வந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் போய் நின்று, எதையும் பூசாமல், மெழுகாமல், நடந்ததை அப்படியே போட்டு உடைத்தாள். பெடல் ஒருநாளும் வேலை செய்யவில்லை. வேலை போய்விட்டது. இவர் தினமும் உட்கார்ந்து டைப் அடிப்பது வெறும் நடிப்பு.

கணவர் முதலில் திகைத்துப்போனார். அடுத்தபடியாக அவருக்கு வந்தது கோபம். "ஏன் மாமா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன பேயா, பிசாசா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பேனே!"

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஓர் அரை மணி நேர வேலை.

"ஆரம்பத்துலயே சொல்லி அனுப்பினார்" என்றாள். "விண்டோஸ் வேணும்னு."

"எப்போ? நீதான வந்து கேட்ட? விண்டோஸ் இல்லாம முடியுமான்னுதான கேட்ட? முடியும்னு சொன்னேன். முடிஞ்சுதே! ஓடுச்சே!"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இப்படித்தான் நடந்திருக்கும் என்று எப்போதோ ஊகித்தவர்போல் ஒரு சின்னத் தலையசைப்பு மட்டும்தான். அது அவளைச் சுட்டது. சுட்ட வேகத்தில் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள்.

"யாருக்காக வாங்கினீங்க அதை? அவருக்கா? எத்தனை சிப் பாத்தீங்க, எத்தனை மாடலை அலசினீங்க? அவர் கையைப் பாத்தீங்களா? கடையில அவர் எதைத் தொட்டுக்கிட்டு நின்னார்னு பாத்தீங்களா? ஆபீஸ்ல உங்க பேச்சை ஒருத்தரும் மதிக்கல, அதனால எங்கப்பா தலையில ஏத்தி…"

"வாயை மூடு!" என்றார் அப்பா.

அவள் வாழ்நாளில் அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. கணவரின் முகம் செத்துப்போயிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே இல்லாமல் சாத்தினார்.

அப்பா எழுந்து அந்தக் கதவருகே போனார். "தப்பு என் மேலதான் மாப்பிள்ளை" என்றார், கதவைப் பார்த்து. "வயசான காலத்துல புதுசா எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது. மெஷின் மேல ஒரு குறையும் இல்ல. அவ ஏதோ ஆத்திரத்துல பேசிட்டா, மனசுல வச்சுக்காதீங்க." சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"போய் மன்னிப்பு கேளு" என்றார் அவளிடம்.

"நானா? எதுக்குப்பா? அவர் உங்ககிட்ட கேக்கணும். நானும் உங்ககிட்டதான் கேக்கணும்."

"எங்கிட்ட கேட்டு என்னம்மா ஆகப்போகுது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலை இருந்தவரைக்கும் ஒரு சுடுசொல் வந்தாலும், என் பாட்டுக்கு வேற எங்கயாவது ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு ஒரு தைரியம் இருந்துது. இப்போ எங்க போவேன்? நான் இனிமே இங்கதான இருக்கணும். போம்மா. போய்க் கேளு."

அவள் போனாள். கணவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தாள். அழுதிருந்தார். அவளுக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. எது முந்தி வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"தப்பாப் பேசிட்டேங்க. மன்னிச்சிடுங்க."

"உங்கப்பா சொல்லச் சொன்னாரா?"

"இல்லங்க. நானாத்தான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும்ங்க."

"சரி விடு. வேலை போனா போகுது, இந்த வயசுல எதுக்கு அவருக்கு அந்தக் கஷ்டமெல்லாம்? அந்த மெஷின்லயே படம் பாக்குற மாதிரி, பாட்டு கேக்குற மாதிரி நல்லா அமைச்சுத் தர்றேன். பொழுது போகும். நம்ம வீட்டுல அவருக்கு என்ன குறை?"

"ஒண்ணும் இல்லங்க" என்றாள். "சாப்பிட வாங்க."

அப்பா சாப்பாட்டு மேஜையில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அது அவர் வழக்கமாக உட்காரும் நேரம்தான், வழக்கமான நாற்காலிதான். அறைக் கதவு திறந்து மாப்பிள்ளை வெளியே வந்ததும், அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார். இத்தனை காலத்தில் ஒருநாளும் அவர் அப்படி எழுந்ததில்லை. எழுந்தவர் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டார்.

"உக்காருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.